ஊரை மங்கலாக்கிவிட்டு ஊர்ப் படமா?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாடி வந்தவன் நடுக்கோட்டைத் தொட எட்டிப் பாய்கிறான். இடுப்பில் ஒருவனும் கணுக்காலில் ஒருவனும் தொங்குகிறார்கள். சாயங்கால வெயிலில் செம்மண் புழுதி பொன்தூளாக எழும்பி நிற்கிறது. பின்னால் கூட்டம் இருந்திருக்க வேண்டும். பச்சையும் சிவப்புமாக வட்டப் பொட்டுகளாய்க் கரைந்து கிடக்கிறது. படத்துக்குக் கீழே ‘மண்ணின் மைந்தர்கள்’ என்றோ ‘கிராமத்தின் உயிர்த்துடிப்பு’ என்றோ ஒரு வரி. எங்கேயாவது பரிசும் வாங்கியிருக்கும்.

நானும் அப்படிப்பட்ட படங்களை எடுத்தவன்தான். பொங்கல் சமயத்திலும் கோயில் கொடை நாட்களிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கபடி பார்க்கப் போவது பல வருடப் பழக்கம். அப்படி எடுத்த ஒரு படத்தை மறு வருடம் பெரிதாக அச்சடித்துப் போட்டி நடத்தியவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். விழாக் குழுவில் ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. இது எந்த ஊரு?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் சண்டை தொடங்குகிறது.

கிராமத்து விளையாட்டைப் படமெடுக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே பாடம்தான் நடக்கிறது. நீளமான லென்ஸ் எடுத்துக்கொள். திறப்பைப் பெரிதாக வை. பின்னணியைச் சுத்தமாக்கு. ஃப்ளெக்ஸ் பேனர் வந்தால் படம் கெட்டுப்போகும், ஒதுங்கி நின்று எடு. முகத்தைப் பிடி, வேர்வையைப் பிடி, வெறுங்காலைப் பிடி. அந்த முகத்திலேயே ஊரின் ஒற்றுமை தெரிந்துவிடும். இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிராமத்தின்மேல் பிரியம் வைத்தே சொல்கிறார்கள். ஆனால் 200 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2.8 திறப்பில் எடுத்தால், ஆடுகிறவனுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆடுகிறவனுக்குப் பின்னால் இருப்பதற்குப் பெயர்தான் ஊர்.

அப்படிச் ‘சுத்தம்’ செய்யும்போது எது போகிறது என்று பாருங்கள். முதலில் ஃப்ளெக்ஸ். நம் புகைப்படக்காரர்களுக்கு ஃப்ளெக்ஸைக் கண்டால் ஏன் இத்தனை அருவருப்பு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஓர் ஊரின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னால் அது கபடிப் போட்டி பேனர் மாதிரிதான் இருக்கும். எத்தனையாவது ஆண்டு என்று மேலேயே இருக்கும். அதை வைத்து எந்தத் தலைமுறை இதைத் தொடங்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். நடுவில் ஓர் இளைஞனின் படம், பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு, கீழே ‘நினைவு சுழற்கோப்பை’. பெரும்பாலும் பைக் விபத்தாக இருக்கும். அவனோடு ஆடியவர்கள்தான் இன்று கோடு போடுகிறார்கள். அதற்கும் கீழே வரிசை வரிசையாகக் கட்டை விரல் அளவு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் முதல் பரிசு உபயம், இரண்டாம் பரிசு உபயம், பந்தல் உபயம், குடிநீர் உபயம். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் போனால் ‘சிங்கப்பூர் வாழ் நண்பர்கள்’ என்று ஒரு தனி வரிசையே உண்டு. களத்தில் ஆட முடியாமல் எங்கோ கட்டட வேலையில் இருப்பவர்கள், தங்களுக்குப் பதிலாகப் பணத்தை ஆட அனுப்பியிருக்கிறார்கள். யார் ஊரில் இல்லை என்பதைக் காட்டும் ஒரே ஆவணம் அந்தப் பேனர். அதை ஒதுக்கிவிட்டு எடுத்த படத்துக்கு ‘ஊர் கூடித் தேர் இழுத்த கதை’ என்று பெயர் வைக்கிறோம்.

அப்புறம் அந்தப் பொன்வெயில். இந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை மின்னொளிப் போட்டிகள் என்பது நோட்டீஸிலேயே இருக்கிறது. நாக்-அவுட் முறையில் 32 அணி என்றால் 31 ஆட்டம். இடைவேளை, வாக்குவாதம், ‘சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார்’ எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்று குறைவாகவே பிடித்தாலும் கிட்டத்தட்ட 13 மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கினால் இறுதி ஆட்டம் விடிந்துதான் நடக்கும். பொன்வெயிலில் எடுத்த படம் முதல் ஆட்டத்துக்கு முன்னால் நடந்த பயிற்சியாக இருக்கும், அல்லது யாரையோ மண்ணை வாரி இறைக்கச் சொல்லி எடுத்ததாக இருக்கும். இரண்டாவது வகையைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வேனில் வந்து இறங்கிய ஒரு கூட்டம், “தம்பி, சட்டையக் கழட்டிட்டு இன்னொரு தடவ பாய்ஞ்சு வா” என்று நாலு பையன்களை ஒரு மணி நேரம் வாட்டியது. பையன்களும் பாய்ந்தார்கள். அன்று ராத்திரி நடந்த நிஜ ஆட்டத்துக்கு அந்த வேன் இல்லை.

ராத்திரி வெளிச்சம் படத்துக்கு ஒத்துழைக்காது என்பது எனக்கும் தெரியும். மலிவான எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்ப விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/1000க்கு வைத்தால் ஒரு படம் மஞ்சளாக வரும், அடுத்தது இருட்டாக வரும், இன்னொன்றில் பட்டை விழும். ஃபிளாஷ் அடித்தால் பாடி வருகிறவன் கண் கூசும், நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். சரிதான் அவர் செய்வது. ஷட்டரை 1/100க்கு இறக்கினால் வெளிச்சம் ஒரு சீராக நிற்கும், ஆனால் ஆடுகிறவன் கோடாக இழுபடுவான். கூட்டமும் கம்பமும் திண்ணையும் தெளிவாக வரும். எல்லாப் பயிலரங்குகளிலும் இது ‘தவறிய படம்’. எனக்கென்னவோ, ஆடுகிறவன் மங்கி ஊர் தெளிவாகத் தெரிகிற படம் ராத்திரி மூன்று மணிக் கபடிக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது.

‘அந்த ஒரு கணம்’ என்று இன்னொரு கட்சி. புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெயரைச் சொல்லாமல் நம் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. ‘தீர்மானிக்கும் கணம்’ என்பது 1952இல் வந்த அவர் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்கு வைத்த தலைப்பு. பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அது கிடக்கட்டும். 1937இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் முடிசூடியபோது ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் போன அதே மனிதர், ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களை எடுத்தார். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு தொடைப்பிடிக்கு மட்டும் ஷட்டரை அமுக்கும் நாம், ஒரு முறையாவது திரும்பி நின்றிருக்கிறோமா?

திரும்பி நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: எடை மெஷின் கிடைக்கும். 60 கிலோ பிரிவு என்று அறிவித்த போட்டிக்கு ஆடு களத்தைவிட எடை மெஷின்தான் முக்கியமான இடம். அரிசிக் கடையில் இரவல் வாங்கி வந்திருப்பார்கள். 400 கிராம் கூடிப்போன பையன் சட்டையைக் கழற்றி ஏறுவான், அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவான், அப்புறம் ரோட்டில் ஓடிவிட்டு வந்து ஏறுவான். எதிரணிக்காரர்கள் முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆதார் அட்டையைச் சரிபார்ப்பார். ஊர் மாறி ஆட வந்தவன் யார் என்பதை அவர்தான் கண்டுபிடிப்பார். காலையில் களத்தை உழுது, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மரத்தூளைக் கலந்து 13 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு பிடித்து வெள்ளைப்பொடியில் கோடு போட்டவர்கள், ராத்திரி எங்கோ ஓரமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அறுபது எழுபது பேருக்கு உப்புமா கிண்டியவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பார்கள். ஊர் ஒற்றுமை என்று நாம் சொல்லும் வஸ்து ஒன்று உண்டென்றால் அது இந்த வேலைதான். கோப்பையைத் தூக்கும்போது முகத்தில் வரும் பூரிப்பு அந்த வேலையின் கடைசி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது, கல்யாணத்துக்குப் போய்த் தாம்பூலப் பையைப் படமெடுத்துக்கொண்டு வருவது போல.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்பவர்கள்கூட அடுத்ததைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். விளையாட்டு ஊரைச் சேர்த்து வைக்கிறது, படம் அந்த நல்லதைக் காட்டட்டுமே, சாதியை எதற்கு உள்ளே இழுக்கிறாய் என்கிறார்கள்.

நான் இழுக்கவில்லை. அது நுழைவுக் கட்டணம் கட்டாமலே களத்துக்குள் நிற்கிறது. கபடி தொடாமல் ஆட முடியாத ஆட்டம். தொடக்கூடாது என்று காலங்காலமாகச் சட்டம் வைத்திருந்த ஊர்களில், தொட்டால்தான் புள்ளி என்ற ஆட்டம் வேர் பிடித்திருப்பதைவிட வினோதம் வேறென்ன இருக்கிறது? ஏழு பேர் சேர்ந்து ஒருவனைக் கட்டிப் பிடிக்கும் படத்தைப் பார்த்ததும் ‘இங்கே சாதியில்லை’ என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஆனால் அதே ராத்திரி எந்தத் தெரு அணிக்கு அழைப்பிதழ் போகவில்லை, எந்த அணி சாப்பிடாமலே டெம்போவில் ஏறியது, எந்த ஜெர்சியின் நிறத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் விசில் அடங்கியது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. சாதி அடையாளமும் தலைவர் படங்களும் உடையிலோ பதாகையிலோ இருக்கக்கூடாது என்று கபடிப் போட்டிகளுக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை போட வேண்டியிருந்தது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்துச்சீட்டு எழுதுவதில்லை. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் மாரி செல்வராஜின் ‘பைசன்’ வந்தபோது, தென் மாவட்டத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் களத்துக்குப் போய்ச் சேர எதையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது என்று திரையரங்கில் உட்கார்ந்து பார்த்தோம். நம் புகைப்படங்களில் மட்டும் அவன் எப்போதும் நேராகப் புழுதியிலிருந்தே முளைக்கிறான்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒடெஸ்ஸா என்ற எண்ணெய் ஊர். அங்கே பெர்மியன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியை 1988 பருவம் முழுக்கக் கூடவே இருந்து கவனித்து பிஸ்ஸிஞ்சர் என்ற பத்திரிகையாளர் எழுதிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ 1990இல் வந்தது. படங்கள் ராபர்ட் கிளார்க்குடையவை. அட்டையில் ஆட்டக்காரர்கள் கைகோத்து நடக்கிறார்கள். ஒடெஸ்ஸா அந்தப் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும். உள்ளே இருந்த எழுத்தைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஊரில் புரையோடிப்போன நிறவெறி, ஆங்கிலத் துறையின் கற்பித்தல் பொருட்களைவிட ஆட்டப் படச்சுருளை அவசரமாகக் கழுவுவதற்கு அதிகம் செலவழித்த பள்ளி, முழங்கால் போனதும் கைவிடப்பட்ட கறுப்பினப் பையன் எல்லாம் அதில் இருந்தன. மிரட்டல்கள் வந்ததால் எழுதியவர் அந்த ஊருக்குப் போகவிருந்த பயணத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கிளார்க்கின் படங்கள் பொய் இல்லை, அபாரமானவை. பக்கத்தில் எழுத்து இருந்ததால் அவை முழு உண்மையாயின. நம்மிடம் கைகோத்த படம் மட்டும் வெளியாகிறது.

களத்துத் தொடுதலே வேஷம் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு ராத்திரி தொட்டுப் பழகியதால் பத்து வருடத்தில் பந்தி மாறிய ஊரும் உண்டு, ஒரு லோனாப் புள்ளித் தகராறில் பத்து வருடம் பேசாமல் போன தெருக்களும் உண்டு. எது என்று தெரிய வேண்டுமானால் ஆட்டம் முடிந்தபின்னும் கேமராவோடு அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

‘எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, மேட் வந்துவிட்டது, ஷூ வந்துவிட்டது, மண் கபடி போய்விடும், அதற்குள் எடுத்து வைத்துவிடலாம்’ என்ற ஒப்பாரி ஒன்றும் அடிக்கடி கேட்கிறது. இதில் எனக்குப் பொறுமை குறைவு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி சேர்ந்தது, 2010இல் குவாங்சோவில் பெண்கள் கபடி சேர்ந்தது, 2014இல் புரோ கபடி வந்தது, 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. தேர்வு நடப்பது மேட்டில். மண்ணிலேயே ஆடி வளர்ந்தவன் அங்கே போனதும் காலை ஊன்றத் தெரியாமல் வழுக்குகிறான். அவன் கனவு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு போலீஸ் வேலை, ரயில்வே வேலை. லேமினேட் செய்த சான்றிதழ்களை அவன் அம்மா பீரோவில் சேலைக்கடியில் வைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து மேட் வாங்கிய அன்று அதைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பதினைந்து பேர் தெருவில் நடந்து வந்த காட்சியைவிட ‘சமூக உணர்வு’ எங்கே இருக்கிறது? அதை யாரும் எடுக்கவில்லை. வெறுங்காலைத்தான் தேடினார்கள். வெறுங்கால் அழகு என்பவர்கள் 2022இல் கடலூர் மாவட்டத்தில் பாடிப் போன இடத்திலேயே உயிர்விட்ட இளைஞரை நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் காணொளியை நாடே கைமாற்றிப் பார்த்தது. ஆம்புலன்ஸ் நின்ற போட்டிகளை யார் படமெடுத்தார்கள்?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஹான்ஸ் வான் டெர் மேர் என்ற டச்சுக்காரர் கடைசிப் பிரிவுக் கால்பந்து ஆட்டங்களை ஐரோப்பா முழுக்க அலைந்து எடுத்தார். ஹாலந்துத் திடல்கள் 1998இல் புத்தகமாயின, ஐரோப்பியத் திடல்கள் 2006இல். நெருங்கிப் போவதற்குப் பதில் அவர் பின்னால் போனார், கொஞ்சம் உயரத்தில் நின்றார். ஆட்டக்காரர்கள் சிறிதாகத் தெரிகிறார்கள், பந்தைத் தவறவிடுகிறார்கள். பின்னால் ஓட்டு வீடும் மலையும் சாலையும் அப்படியே இருக்கின்றன. எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் படங்களில் ஒரு சிரிப்பும் இருக்கிறது, யாரையும் சிறுமைப்படுத்தாத சிரிப்பு. நம் கபடிக்கு இதற்கு ஒரு ஸ்டூல் போதும். மைக் செட்காரரிடம் கேட்டால் தருவார்.

உள்ளூர்க் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும், வெளியூர்க் கண்ணுக்குத்தான் புதுசாகத் தெரியும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. புகைப்படக்காரர் எம். பழனிக்குமார் மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்து வருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

பெண்கள் கபடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில படங்களை எடுக்காமல் விடுவதும் இந்தத் தொழிலின் பாதி. ஒரு பிடியில் புரண்டு கிடக்கும் ஆணின் படமும் பெண்ணின் படமும் ஊருக்குள் ஒரே மாதிரி சுற்றுவதில்லை. எவனோ போட்ட ஒரு படத்தால் மறு வாரம் பயிற்சிக்கு வராமல் நின்றுபோன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நன்றாகப் பிடிப்பவள், இடது கார்னர். ‘கணத்தைப் பிடி’ என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. உடற்கல்வி ஆசிரியைதான் மூன்று முறை நடந்தார்.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொன்னால் கலைஞர்கள் கோபிப்பார்கள். ஊர்க்காரர்கள் நம்மிடம் கேட்பது குரூப் போட்டோ. எல்லோரும் விறைப்பாக நின்று லென்ஸை முறைக்கும் படம். ‘இயல்பாக இருங்கள், என்னைப் பார்க்காதீர்கள்’ என்று நாம் அவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். ஏன் பார்க்கக்கூடாது? ராத்திரி முழுக்கத் திருட்டுத்தனமாக அவர்களைப் பார்த்தது நாம். ஒரு முறை அவர்கள் நம்மைப் பார்க்கட்டுமே. யார் நடுவில் உட்கார வேண்டும், யார் தோள்மேல் யார் கை, கோப்பையைத் தொட்டுக்கொண்டிருப்பது யார், யாரைக் கூப்பிட்டும் வரவில்லை என்பதையெல்லாம் ஊர் தானே தீர்மானித்து நிற்கும் ஒரே படம் அது.

போன பொங்கலுக்கு ஓர் ஊரில் விடிகாலை ஆறரை மணிக்கு அப்படி ஒரு படத்துக்கு நின்றார்கள். நான் தயாரானதும் ஒருவர், “இருங்க சார், டீ மாஸ்டர் வரல” என்றார். முப்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்தோம். அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வரிசையின் கடைசியில், பாதி வெளியே நின்றார். உள்ளே வாங்கண்ணே என்று கூப்பிட்டும் வரவில்லை. நான் இரண்டு அடி பின்னால் போனேன். இன்னும் ஓர் அடி போனதும் முதுகில் எடை மெஷின் இடித்தது.